ரெப்போ இறங்கியும் எங்க வீட்டுக்கடன் வட்டி இறங்கல, வழி சொல்லுங்க

அண்ணன்மாரே, அக்காமாரே, தக்கலை பக்கத்துலயிருந்து எழுதுறேன். 2017-ல வீடு கட்ட பேங்குல 20 வருசக் கடன் எடுத்தோம். வீட்டுக்காரருக்கு ரப்பர் பால் வெட்டுற வேலை. மழை பிடிச்சா வெட்டு கிடையாது, தவணைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதே.

ரெப்போங்கிறது ரிசர்வ் வங்கி மத்த பேங்குங்களுக்குக் குடுக்குற கடனோட வட்டி. 2025 தொடக்கத்துல 6.5 சதவீதமா இருந்த அதை ரிசர்வ் வங்கி ஜூனுக்குள்ள 5.5 ஆக்கிச்சு. எங்களுக்கு இறங்கினது கொஞ்சம்தான். கேட்டா, "உங்களுது எம்சிஎல்ஆர் கடன்"னு சொல்றாங்க. அது, பேங்குக்குப் பணம் திரட்ட ஆகுற செலவை வெச்சுப் போடுற வட்டி, மெதுவாத்தான் அசையும். 2019 அக்டோபர்லயிருந்து பேங்குங்க குடுக்குற புது மாறும் வட்டி வீட்டுக்கடனை ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோட கட்டணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது வட்டியைத் திருத்தணும். பழைய கடன்காரங்களும் அதுக்கு மாறலாம். ரெப்போ ஏறினா நமக்கும் சட்டுன்னு ஏறும்தான். 2022 மே மாசத் தொடக்கத்துல 4 சதவீதமா இருந்தது 2023 பிப்ரவரியில 6.5 ஆச்சு. அதையும் யோசிச்சுதான் கேக்குறேன்.

ரெண்டு தடவை போயும் "அப்புறம் பாக்கலாம்"னு அனுப்பிட்டாங்க. மாத்தினவங்க இருந்தா சொல்லுங்க: கட்டணம் எவ்வளவு ஆச்சு? மனுவில என்ன எழுதினீங்க? தவணையைக் குறைச்சாங்களா, வருசத்தையா? மக காலேஜ் சேரப் போறா, எனக்கு மாசத் தவணை குறையணும்.