விசுவாசம் பேட்ஜுக்கா, எஞ்சினுக்கா? பழைய அமெரிக்க பிக்கப் வாங்குவது பற்றி ஒரு சண்டை

எட்டு_சிலிண்டர்
"பழைய பிக்கப் வாங்கணும், ஃபோர்டா, ஷெவியா (ஷெவர்லே), ராமா?" என்று வாரத்துக்கு இரண்டு பேர் இங்கே கேட்கிறார்கள். கேள்வியே தப்பு. கிரில்லில் இருக்கும் பேட்ஜை விடுங்கள், ஹூட்டைத் திறந்து எந்த எஞ்சின் என்று பாருங்கள். 2004 முதல் 2010 வரை ஃபோர்டு எஃப்-150-இல் 5.4 லிட்டர் டிரைட்டன் எஞ்சின், சிலிண்டருக்கு மூன்று வால்வு. பிளக், கேம் ஃபேசர் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்), செயின் டென்ஷனர் (டைமிங் செயினை இறுக்கிப் பிடிப்பது) என்று மூன்று பக்கமும் இடி. 2011-இல் அதே எஃப்-150-இல் 5.0 கயோட்டி வந்தது. அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டின் முன்னாலும் அதே நீல முட்டைதான் ஒட்டியிருக்கிறது. இதில் "நான் ஃபோர்டு ஆள்" என்பதற்கு என்ன பொருள்?

நீலஓவல்
பொருள் இருக்கு சார். வீட்டு வாசல்லயே ரிப்பேர் பண்றவனுக்கு விசுவாசம்னா கையில இருக்கிற டூல், மண்டையில இருக்கிற அனுபவம். ஃபோர்ஸ்கேன் சாஃப்ட்வேரும் வண்டி கம்ப்யூட்டர் போர்ட்டுல சொருகுற ஒரு நல்ல ஓபிடி அடாப்டரும் இருந்தா ஃபோர்டு, லிங்கன், மெர்க்குரி வண்டியில ஏபிஎஸ்லேர்ந்து டிரான்ஸ்மிஷன் வரைக்கும் எல்லா மாட்யூலையும் படிக்கலாம். அதே அடாப்டரை எடுத்துட்டுப் போய் ராம்ல சொருகினா? சாதாரண செக் எஞ்சின் கோடு வரும், அவ்வளவுதான். பிராண்டு மாத்துறப்ப இதையெல்லாம் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

அப்புறம் 5.4 பிளக்கை எல்லாரும் பேயா காட்டுறீங்க. கழட்டுறப்ப பிளக் உடையறதுல பாதி எஞ்சின் குத்தம், பாதி கழட்டுறவன் குத்தம். அந்த பிளக்கோட அடிப்பக்கம் நீளமா ஒரு குழாய், சிலிண்டர் ஹெட்டுக்குள்ள இறங்கி நிக்கும். குழாய்க்கும் ஹெட்டுக்கும் நடுவுல கார்பன் இறுகிப்போயிடும். மேல் பாகத்துல குழாயை வெறும் மடிப்பு போட்டுத்தான் பிடிக்க வெச்சிருக்காங்க. நீங்க மேல திருப்புறப்ப கீழ கார்பன் விடாது, மடிப்பு கழண்டு குழாய் உள்ளயே நின்னுடும். ஃபோர்டு 2008-ல டீலர்களுக்குக் குடுத்த முறை தெளிவா இருக்கு. எஞ்சின் ஆறியிருக்கணும். காயிலைக் கழட்டி, குழிக்குள்ள காத்தடிச்சு மண்ணை எடுக்கணும். எட்டுல ஒரு சுத்துதான் தளர்த்தணும், அதுக்கு மேல வேண்டாம். கார்புரேட்டர் கிளீனரை அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல ஊத்தி, குறைஞ்சது 15 நிமிஷம் சும்மா விடணும். அப்புறம் இறுக்கு, தளர்த்து, இறுக்கு, தளர்த்து. கிரீச்சுனு சத்தம் வரும், பயப்பட வேண்டாம். 33 பவுண்ட்-அடி முறுக்கு விசைக்கு மேல கேட்டா நிறுத்திட்டு மறுபடி ஊத்துங்க. இம்பாக்ட் கன்னைக் கிட்டயே கொண்டு வராதீங்க.

ஸ்பேனர்18
ஒரு சேர்க்கை. புது பிளக் போடும்போது நிக்கல் ஆன்டி-சீஸை (இறுகி ஒட்டாமல் இருக்கப் பூசும் பசை) மரையில் பூசிவிட்டு "முறைப்படி செய்தேன்" என்பார்கள். பூச வேண்டிய இடம் மரை இல்லை, கீழே இருக்கும் அந்தக் குழாய். அதுவும் மெல்லிய பூச்சு, நுனியில் படாமல். கடைசியில் 25 பவுண்ட்-அடி. உடைந்தே போனாலும் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. லைல் கம்பெனியின் 65600 என்ற கருவி பீங்கானைக் கீழே தள்ளி, குழாய்க்குள் மரை வெட்டி மேலே இழுக்கும். சிலிண்டர் 4, 8 இரண்டும் ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) ஒட்டி இருக்கும். பொறுமையை அங்கே செலவழிக்கச் சேமித்து வையுங்கள்.

இதைப் பழைய இரண்டு வால்வு டிரைட்டனோடு குழப்ப வேண்டாம். அது தலைகீழ் வியாதி. மரை நாலே சுற்றுதான் பிடித்திருக்கும், பிளக் தானாகவே பிடுங்கிக்கொண்டு மேலே பறக்கும்.

எட்டு_சிலிண்டர்
நன்றி, என் வாதத்தை நீங்களே முடித்துவிட்டீர்கள். ஒரு பிளக் மாற்ற மருத்துவர் போல ஊறவைத்துக் காத்திருக்க வேண்டும் என்றால், அந்த எஞ்சினைத் தவிர்ப்பதுதான் புத்தி. அனுபவம் இருக்கிறது என்பதற்காகக் கெட்டதை வாங்குவது விசுவாசம் இல்லை, பழக்கதோஷம்.

நீலஓவல்
கெட்டதுன்னு நான் சொல்லல. 2007 கடைசியில ஹெட்டையே மாத்திட்டாங்க, அதுக்கு அப்புறம் வந்த எஞ்சின்ல அந்த பிளக் கிடையாது. ஆனா ஃபேசர் விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன்.

ஸ்பேனர்18
ஃபேசரும் பாதிதான் குற்றவாளி. சூடான எஞ்சின், கியரை டிரைவில் போட்டு பிரேக்கை மிதித்திருக்கும்போது டீசல் மாதிரி தடதடத்தால் எல்லோரும் ஃபேசரை மாற்றுகிறார்கள். ஆனால் அதற்கு வர வேண்டிய ஆயில் அழுத்தம் செயின் டென்ஷனரின் பின்னால் இருக்கும் சீல் வழியே ஒழுகிக்கொண்டிருக்கும். டென்ஷனரை விட்டுவிட்டு ஃபேசரை மட்டும் மாற்றினால் சத்தம் திரும்பி வரும். முன் கவரை ஒரு முறை கழற்றினால் இரண்டு டென்ஷனர், கைடு, செயின், ஃபேசர் எல்லாவற்றையும் சேர்த்தே முடித்துவிடுங்கள். அதன் பிறகு 7 குவார்ட் 5டபிள்யூ-20 ஆயில். அளவு குறைந்தால் மறுபடி அதே கதைதான்.

போடை_பாண்டி
ஃபோர்டு ஆளுங்க வைத்தியம் பேசி முடிச்சாச்சா? 1955-லேர்ந்து ஷெவி ஸ்மால் பிளாக்ல சிலிண்டருக்குச் சிலிண்டர் இடைவெளி 4.40 இன்ச். இன்னிக்கும் அதேதான். வால்வைத் திறக்கிற கேம் தண்டு பிளாக்குக்குள்ள ஒண்ணே ஒண்ணு, செயின் குட்டியூண்டு. ஃபோர்டு மாதிரி முழக்கணக்குல செயின் ஓடாது. பார்ட்ஸ் எந்த ஊரு கடையிலயும் கிடைக்கும். விசுவாசம்னா இதுக்குத்தான்.

எட்டு_சிலிண்டர்
பாண்டி அண்ணே, அந்த எளிமையை ஷெவியின் தாய்க் கம்பெனி ஜிஎம் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். ஏஎஃப்எம். சிலிண்டர் 1, 4, 6, 7 நான்கையும் ஓடும்போது தூங்க வைக்கும் ஏற்பாடு, பெட்ரோல் மிச்சம் பிடிக்க. அந்த நான்குக்கும் தனி வகை லிஃப்டர் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் சிறு பாகம்). உள்ளே சிறு பூட்டு ஊசிகள், ஆயில் அழுத்தம் வந்தால் உள்ளே போகும், லிஃப்டர் மடங்கும், வால்வு திறக்காது. அந்த ஊசி மடங்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டால் முதலில் டிக் டிக், பிறகு அந்த சிலிண்டரில் மிஸ்ஃபயர். சில வண்டியில் லிஃப்டருக்கு மேலே இருக்கும் புஷ்ராடு கம்பி வளைந்திருக்கும். லிஃப்டரின் உருளை சுழலாமல் நின்றுவிட்டால் கேமின் மேட்டையே செதுக்கித் தள்ளிவிடும், அந்த இரும்புத் தூள் ஆயிலில் கலந்து எஞ்சின் முழுக்கச் சுற்றும். 2019 முதல் வந்த அதன் அடுத்த வடிவமான டிஎஃப்எம்-இல் இந்த லிஃப்டர் எட்டு இல்லை, பதினாறும்.

போடை_பாண்டி
ஓபிடி போர்ட்டுல சொருகி ஏஎஃப்எம்-ஐ அணைக்கிற டிஸேபிளர் வாங்கிப் போட்டா வண்டி எப்பவும் வி8-லயே ஓடும். முடிஞ்சது கதை.

ஸ்பேனர்18
முடியாது. அது முன்ஜாக்கிரதை, மருந்து இல்லை. டிக் சத்தம் தொடங்கிய வண்டியில் அதைச் சொருகினால் ஸ்கேன் கருவி மாட்ட இடம் போனதுதான் மிச்சம்.

எந்த சிலிண்டர் என்று உறுதி செய்ய எளிய வழி உண்டு. கோடு பி0301, 0304, 0306, 0307 என்று அந்த நான்கில் ஒன்றைக் காட்டினால், அந்தப் பக்க வால்வு கவரைக் கழற்றி, ஃபியூயலை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றச் சொல்லி, வால்வை அழுத்தும் ராக்கர் ஆர்ம்களைப் பாருங்கள். மற்றவை ஏறி இறங்க, ஒன்று மட்டும் லேசாக அசைந்தால் ஆள் கிடைத்துவிட்டான்.

இனிதான் செலவு. லிஃப்டர் மேலிருந்து வராது, ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். ஹெட் போல்ட் ஒருமுறை நீண்டுவிடும் வகை, புதுசு கட்டாயம். 2014-க்குப் பிந்தைய எஞ்சினில் நேரடி இன்ஜெக்ஷன், உயர் அழுத்தக் குழாயையும் புதிதாகப் போடுங்கள். பலர் எஞ்சினையே கொல்லும் இடம் ஒன்று உண்டு: ஹெட்டைத் தூக்கும்போது கூலன்ட் போல்ட் துளைகளில் இறங்கும். அடி மூடிய துளை அது. துடைக்காமல், காற்றடிக்காமல் போல்ட்டை இறுக்கினால் தண்ணீர் போக வழியின்றி பிளாக் வெடிக்கும். துளைக்குள் விளக்கடித்துப் பார்த்த பிறகுதான் போல்ட்டைத் தொட வேண்டும்.

ஏஎஃப்எம்-ஐயே ஒழிக்க விரும்புபவர்கள் சாதா லிஃப்டர் மட்டும் வாங்கிவந்து நிற்கிறார்கள். போதாது. அந்த நான்கு சிலிண்டருக்குக் கேமின் மேடே வேறு வடிவம், கேமும் மாற வேண்டும். மேலே சொலினாய்டுகள் உள்ள மூடிக்குப் பதில் வெறும் மூடி, கம்ப்யூட்டரில் புது டியூன் (எஞ்சினை நடத்தும் புரோகிராம்). கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் அந்த டியூனுக்கு ஒப்புதல் உண்டா என்று முதலில் பாருங்கள்.

டன்ட்ரா_தம்பி
இதையெல்லாம் படிச்சிட்டு எனக்கு சிரிப்புதான் வருது. பேசாம டொயோட்டா டன்ட்ரா வாங்கிட்டுப் போங்கப்பா. டெக்சாஸ் சான் அன்டோனியோவுல தான் செய்றாங்க. உங்க ஷெவி சில்வராடோல ஒரு பகுதி மெக்சிகோ சிலாவோலேர்ந்து வருது. விஐஎன் (வண்டியோட அடையாள எண்) முதல் எழுத்தைப் பாருங்க: 1, 4, 5 அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ. ப்யூக் என்விஷன்ல எல்-னு இருக்கும், சீனா. எது அமெரிக்க வண்டி?

நீலஓவல்
2022, 2023 டன்ட்ராவோட 3.4 டர்போ எஞ்சினுக்குள்ள மெஷினிங் துகள் இருந்துச்சுன்னு 2024-ல ஒரு லட்சத்துக்கு மேல வண்டியைத் திரும்பக் கூப்பிட்டாங்களே, அதுவும் சிரிப்பா தம்பி?

டன்ட்ரா_தம்பி
எஞ்சினையே மாத்திக் குடுத்தாங்கல்ல! முன்னாடி டொயோட்டா டகோமா பிக்கப் ஃப்ரேம் துருப்பிடிச்சப்ப, 1995-லேர்ந்து 2000 வரைக்கும் வந்த வண்டியை 2008-ல மார்க்கெட் விலைக்கு ஒன்றரை மடங்கு குடுத்து திரும்ப வாங்கினாங்க. உங்காளு யாரு அப்படிச் செஞ்சா? இன்னொண்ணு, அந்த ஃப்ரேமைச் செஞ்சு குடுத்ததே டானாங்கற அமெரிக்கக் கம்பெனி.

எட்டு_சிலிண்டர்
ஜிஎம் 2025 ஏப்ரலில் 6.2 எல்87 வி8 எஞ்சினுக்கு என்ன செய்தது என்று இதோடு வைத்துப் பாருங்கள். 2021 முதல் 2024 வரை வந்தவை, அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 6 லட்சம் வண்டி, கனெக்டிங் ராடிலும் கிராங்க்கிலும் குறை. சோதனையில் தோற்ற வண்டிக்கு ரிப்பேர் அல்லது புது எஞ்சின். தேறிய வண்டிக்கு? 0டபிள்யூ-20-க்குப் பதில் 0டபிள்யூ-40 ஆயில், புது ஃபில்டர், புது மூடி. ஜிஎம்-இன் விலை உயர்ந்த எஸ்கலேட் வாங்கியவருக்குக் கெட்டி ஆயிலும் ஒரு மூடியும்! டொயோட்டா மீதும் எனக்குக் காதல் இல்லை, ஆனால் தம்பி சொல்வது ஒரு நல்ல அளவுகோல். உடைவது எல்லோரிடமும் உடையும்.

விசுவாசம் ஒருவழிப் பாதை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஷெவி 2017 முடிவில் விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை மூடுவதாக அறிவித்தது. மறைமலை நகரில் செய்த எண்டெவரை வைத்திருப்பவரிடம் கேளுங்கள்.

போடை_பாண்டி
அங்க போயிட்டீங்களா! சரி, ஒரு கேள்வி. ஃபோர்டோட 10 ஸ்பீடு கியர்பாக்ஸும் ஜிஎம் 10 ஸ்பீடும் யாரு டிசைன்?

ஸ்பேனர்18
இரண்டு பேரும் சேர்ந்து. 10ஆர்80, 10எல்80, அடிப்படை ஒன்றே. செய்வது தனித்தனி ஆலை, கம்ப்யூட்டர் புரோகிராம் தனித்தனி. இரண்டு ரசிகர் கூட்டமும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே ஒரே கியர்பாக்ஸில்தான் ஓடுகிறார்கள்.

ராமை யாரும் தொடவில்லையே என்று பார்த்தேன். ராமின் 5.7 ஹெமி எஞ்சினில் டிக் கேட்டால் உடனே லிஃப்டர் என்று அழ வேண்டாம். காலையில் கேட்டு, சூடானதும் அடங்கினால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட், அதுவும் கடைக்கோடியில் இருப்பது. மேனிஃபோல்டு சூட்டில் விரிந்து சுருங்கி போல்ட் தலையைத் துண்டித்துவிடும். சேரும் இடத்தில் கருப்புப் புகைக்கறை தெரியும். உடைந்த துண்டின் மேல் ஒரு நட்டை வெல்டு வைத்து, ஆறவிட்டுத் திருப்பினால் வரும். சூடான பிறகும் டிக் நீடித்தால்தான் லிஃப்டர், கேம்.

ராமின் 3.6 பென்டாஸ்டார் எஞ்சினில் வேறு ஏமாற்று. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங் பக்கம் ஆயில் சொட்டினால் ரியர் மெயின் சீல் (கிராங்க்கின் பின்முனை சீல்) போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கச் சொல்வார்கள். முதலில் இன்டேக்கைக் கழற்றி வி-க்கு நடுவில் பாருங்கள். பிளாஸ்டிக் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் விரிசல் விட்டு அங்கே குளம் கட்டி, பின்பக்கமாக வழியும். அலுமினியத்தில் மாற்று கிடைக்கிறது. ஃபில்டர் மூடிக்கு 18 பவுண்ட்-அடிதான், கையில் வலு இருக்கிறது என்று இறுக்குபவர்கள்தான் அதை உடைக்கிறார்கள்.

நீலஓவல்
சரி, சமரசத்துக்கு வரேன். எஞ்சினைப் பார்த்து வாங்கறது சரி. ஆனா வாங்கின பிறகு அதே குடும்பத்துல இருக்கறதும் சரிதான், டூல் காரணத்துக்காக. வாரன்டி இருக்கற வண்டிக்கு வீட்டுலயே ஆயில் மாத்தினா டீலர் முறைச்சா, அதுக்காக மட்டும் வாரன்டியை மறுக்க முடியாதுங்கற 1975 மாக்னுசன்-மாஸ் சட்டத்தைச் சொல்லுங்க. ரசீதும் மைல் கணக்கும் மட்டும் பத்திரம்.

போடை_பாண்டி
சமரசம்லாம் வேண்டாம். 2021-ல சிப் பஞ்சத்துல ஏஎஃப்எம், டிஎஃப்எம் கட்டுப்பாட்டு மாட்யூல் இல்லாமலே கொஞ்சம் 5.3 வெளிய வந்துச்சு. அதைத் தேடிப் பிடிச்சு வாங்குவேன். பேட்ஜ் ஷெவிதான்.

எட்டு_சிலிண்டர்
அதைத் தேடும்போது நீங்கள் பேட்ஜைத் தேடவில்லை அண்ணே, எஞ்சினைத்தான் தேடுகிறீர்கள்.

ஸ்பேனர்18
தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று. விற்பவரிடம் "ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்" என்று முன்னாலேயே சொல்லுங்கள். போனதும் ஹூட்டின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் காலைச் சத்தத்தை மறைக்க ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள். ஜில்லென்று இருந்தால் டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள், கண்ணாடியை இறக்குங்கள், ரேடியோவை அணையுங்கள், பிறகு சாவியைத் திருப்புங்கள். முதல் மூன்று விநாடி சரசரத்தால் செயின் அல்லது ஃபேசர். பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, டிரைவில் நிறுத்தி மறுபடி கேளுங்கள்.