நாடு மாறினால் பையனின் குத்துச்சண்டை என்ன ஆகும்?

முத்தியால்பேட்டை வேலன்:

என் மகனுக்குப் பதினேழு வயது. உப்பளம் பக்கம் பயிற்சிக்குப் போகிறான். 57 கிலோ பிரிவில் புதுச்சேரி அளவில் இறுதிப் போட்டிவரை வந்திருக்கிறான். என் மனைவி வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அடுத்த ஆண்டு குடும்பத்தோடு பாரிஸ் பக்கம் குடியேறுகிறோம். உறவினர்கள் எல்லோரும் "போதும், இனிமேல் படிப்பைப் பார்க்கட்டும்" என்கிறார்கள். பையன் முகம் வாடிக் கிடக்கிறான். இங்கே அவன் சேர்த்த பெயர் அங்கே செல்லுமா? இப்படி நாடு மாறியும் மேலே வந்தவர்கள் உண்டா?

மஞ்சக்குப்பம் மாஸ்டர்:

வேலன், பையனை நிறுத்திவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

யூரி ஃபோர்மன் என்ற குத்துச்சண்டை வீரரைப் பற்றி அவனிடம் சொல்லுங்கள். 1980இல் பெலாரஸின் கோமெல் நகரில் பிறந்த யூதர். நீச்சல் வகுப்பில் மற்றப் பையன்கள் அடித்தார்கள் என்று அம்மாவே அவரைக் குத்துச்சண்டைக் கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தது. ஹைஃபாவில் அவருக்கு வாய்த்தது அரபு இளைஞர்கள் பழகும் கூடம். முதல் நாள் முறைத்துப் பார்த்தவர்கள், சேர்ந்து பயிற்சி செய்யச் செய்ய நெருங்கி வந்தார்கள் என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து மூன்று முறை இஸ்ரேலின் தேசிய அமெச்சூர் பட்டம் வென்றார்.

அந்தப் பட்டங்களோடு நியூயார்க் போனவரை யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. பகலில் ஆயத்த ஆடைக் கடைகள் நிறைந்த பகுதியில் சரக்கு சுமக்கும் வேலை, மாலையில் புரூக்ளினின் கிளீசன்ஸ் ஜிம். கோல்டன் கிளவ்ஸ் என்ற அமெச்சூர் போட்டியில் மறுபடியும் வரிசையில் நின்று 2001இல் வென்றார். அமெச்சூராக அவர் கணக்கு 75 வெற்றி, 5 தோல்வி. அடுத்த ஆண்டே தொழில்முறைக்கு மாறினார். 2009 நவம்பரில் லாஸ் வேகாஸில் டேனியல் சாண்டோஸை வென்று உலகப் பட்டம் பெற்றார். இஸ்ரேலியர் ஒருவர் அதைத் தொட்டது அதுவே முதல் முறை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: பெயர் செல்லாது, பழகிய கையும் காலும் செல்லும்.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு 2010 ஜூனில் யாங்கி ஸ்டேடியத்தில் அவர் மிகேல் கோட்டோவிடம் தோற்ற சண்டையைத்தான் போட்டுக் காட்டுவேன். அன்று சனிக்கிழமை. யூதர்களின் ஓய்வுநாள் என்பதால் பொழுது சாய்ந்த பிறகுதான் ரிங்குக்கு வந்தார். ஏழாவது சுற்றில், பட்டை கட்டியிருந்த வலது முழங்கால் எதிராளி தொடாமலேயே மடங்கியது. எழுந்தார், நொண்டினார், மறுபடி விழுந்தார். எட்டாவது சுற்றில் அவர் தரப்பிலிருந்தே வெள்ளைத் துண்டு பறந்து வந்து விழுந்தது. வழக்கமாக அதோடு சண்டை முடிந்துவிடும். உள்ளே ஏறியவர்களை எல்லாம் நடுவர் வெளியேற்றிவிட்டுத் தொடரச் சொன்னார். ஒன்பதாவது சுற்றின் தொடக்கத்தில்தான் நிறுத்தினார். நடுவர் செய்தது தவறு என்று எவரிடமும் சொல்வேன். துண்டு விழுந்தால் மதிக்க வேண்டும், பிள்ளையின் முழங்காலைவிடப் பெரிய பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் அவருடைய இடதுகை நேர்க்குத்தை, அதாவது ஜாபைப் பாருங்கள். அதுவரை அவர் பெற்ற 28 வெற்றிகளில் நாக்-அவுட் வெறும் 8. அவர் பலமெல்லாம் நகர்வில்தான். அந்தக் காலே போன பிறகும் ஜாப் நேராக நீண்டுகொண்டிருந்தது. மூன்று நாட்டுக் கூடங்களில் தேய்த்துத் தேய்த்துப் பழகிய கை அது.

(பின்னாளில், 2014இல், அவர் ரப்பியாகவும், அதாவது யூத மதகுருவாகவும் ஆனார். ரிங்கில் நின்ற காலத்திலேயே அதற்குப் படித்துக்கொண்டிருந்தவர்.)

சொல்தா மகள்:

மாஸ்டர் ஐயா சொன்னதோடு ஒன்று. நான் பாரிஸுக்கு வடக்கே சார்செலில் இருக்கிறேன். நம் புதுச்சேரிக் குடும்பங்களும், அல்ஜீரியா, துனிசியாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்களும் நிறைய வாழும் ஊர். அந்தப் பெரியவர்கள் வாயில் அடிக்கடி வரும் பெயர் யூதக் குத்துச்சண்டை வீரர் அல்ஃபோன்ஸ் அலிமி. அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைனில் பிறந்தவர், தையல் வேலை தெரிந்தவர். மூன்று முறை பிரான்ஸின் அமெச்சூர் பட்டம், 1955 பார்சலோனா மத்திய தரைக்கடல் விளையாட்டில் தங்கம். 1957இல் பாரிஸின் வெல் தீவ் அரங்கில் மரியோ தகாத்தாவை வென்று உலகப் பட்டம். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில், 1942 ஜூலையில், யூதக் குடும்பங்களைப் பிடித்து அடைத்து வைத்த அதே அரங்கு அது. கால்சட்டையில் யூதர்களின் அடையாளமான தாவீதின் நட்சத்திரத்தோடு ஆடுபவர் அவர். இதைச் சொல்லும்போது பெரியவர்களின் குரல் மாறிவிடும்.

வேலன் அண்ணா, செப்டம்பரில் இங்கே விளையாட்டுக் கழகங்கள் உட்பட உள்ளூர்ச் சங்கங்கள் எல்லாம் ஒரே இடத்தில் மேசை போட்டு ஆள் சேர்ப்பார்கள். முடிந்தால் அதற்கு முன்பே வந்துவிடுங்கள். பிரெஞ்சுக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் உரிமச் சீட்டும் மருத்துவச் சான்றும் இல்லாமல் போட்டியில் இறக்கமாட்டார்கள்.

முத்தியால்பேட்டை வேலன்:

இருவருக்கும் நன்றி. அவனிடம் வாசித்துக் காட்டினேன். அவன் கேட்கச் சொன்ன கேள்வி: பின்னாளில் பிரான்ஸ் அணிக்கு ஆட முடியுமா, இந்தியாவில் ஆடியது தடையாகுமா?

மஞ்சக்குப்பம் மாஸ்டர்:

கேள்வியே நல்ல அறிகுறி. ஒரு நாட்டின் சார்பில் சர்வதேசப் போட்டியில் ஆடியவர் வேறு நாட்டுக்காக ஒலிம்பிக்கில் இறங்க, கடைசியாக ஆடியதிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். உங்கள் மகன் இந்தியா சார்பில் ஆடவில்லை, அதனால் அந்தத் தடை அவனுக்கு இல்லை.

ஆடிய ஆட்டங்களுக்கான சான்றிதழ்களையும் பதிவுப் புத்தகத்தையும் பத்திரப்படுத்துங்கள். எந்த எடையில் யாரோடு ஆடினான் என்று அங்கே உள்ள பயிற்சியாளருக்குத் தெரிந்தால்தான் சரியான ஜோடி போடுவார். கிளம்பும் முன் ஒரு ஞாயிறு காலை அவனைக் கடலூர் சில்வர் பீச்சுக்கு அழைத்து வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் மணலில் ஓடவிட்டு, இடதுகையைப் பார்த்துச் சொல்கிறேன்.