மெனுவில் வரும் ‘ஒன்ட்ரே’ முதல் தட்டா, முதன்மை உணவா?

கேள்வி (விடுதி ஊழியர், பாசிக்குடா):
எங்கள் விடுதியின் புதிய மெனுவில் ‘ஒன்ட்ரே’ (entrée) என்ற பிரெஞ்சுச் சொல்லின் கீழ்ச் சோறும் நண்டுக் கறியும் அச்சாகியுள்ளன. அமெரிக்க விருந்தினர்கள் அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள். பிரான்சிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருபவர்களோ, தொடக்கத்திலேயே இவ்வளவு சோறா என்று வியக்கிறார்கள். எவர் சொல்வது சரி? இச்சொல் மேலைத்தேய இசையிலும் உண்டு என்கிறார்களே, அது எப்படி?

பதில் (ஓய்வுபெற்ற சமையற்காரர், கல்லாறு):
தம்பி, இரு சாராரும் சரியே. பழைய பிரெஞ்சு விருந்துகளில் சூப்புக்குப் பின்னும் வாட்டிய பெரிய இறைச்சிக்கு முன்னும் பரிமாறப்பட்ட, குழம்போடு கூடிய இறைச்சி வகைகளே ஒன்ட்ரே எனப்பட்டன. விருந்தின் சுற்றுகள் குறையக் குறைய, அமெரிக்காவில் அந்த இறைச்சித் தட்டே முதன்மை உணவாக எஞ்சியது. பிரான்சிலோ பெயர் முன்னே நகர்ந்து முதல் தட்டுக்குப் போய்விட்டது. எல்லா நாட்டவரும் வரும் இடத்தில் இச்சொல்லை மெனுவிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது.

பதில் (கூத்து ஆர்வலர், வந்தாறுமூலை):
இசைப் பொருளை நம்மவர்க்கு விளக்குவது எளிது. பிரெஞ்சு அரசவையின் பலே (ballet) என்ற நடன நாடகத்தில் ஒரு நடனக் குழு அரங்கில் நுழைந்து ஆடும் பகுதியும் அதற்குரிய இசையும் ஒன்ட்ரே எனப்பட்டன. 1653 இல் பதினான்கு வயதான பதினான்காம் லூயி மன்னன் சூரியனாக வேடமிட்டு ஆடியதும் அத்தகைய ஒரு பலேயில்தான். நமது கூத்தில் ஆட்டத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளம் அடிக்க, வேடம் புனைந்தவர் தமக்குரிய பாட்டோடும் தாளக்கட்டோடும் களரி எனும் ஆடுகளத்துக்குள் வருவதை ‘வரவு’ என்கிறோமே, ஏறக்குறைய அதுவேதான். அடிப்பொருள் நுழைவு என்பதால், விருந்துக்குள் நுழையும் உணவுக்கும் அரங்குக்குள் நுழையும் ஆட்டத்துக்கும் ஒரே சொல் பொருந்திவிட்டது.

பதில் (இசை ஆசிரியை, கல்முனை):
ஒப்புமை அழகானது; ஆனால் பாதித் தூரம்தான் வரும். பாட்டு நாடகமும் நடனமும் கலந்த ஒப்பெரா-பலே என்ற வடிவம் தோன்றியபோது, தனிக் கதையும் தனிப் பாத்திரங்களும் கொண்ட ஒரு முழு அங்கமே ஒன்ட்ரே ஆகிவிட்டது. 1697 இல் அரங்கேறிய பிரெஞ்சு இசையமைப்பாளர் கம்ப்ராவின் ‘லெரோப் கலாந்த்’ என்ற படைப்பில் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, துருக்கி ஆகிய நாடுகளில் நிகழும் நான்கு காதற் கதைகள் நான்கு ஒன்ட்ரேக்களாக அமைந்தன. நமது வரவோ பாத்திரத்தைக் களரிக்குக் கொண்டுவருவதோடு நின்றுவிடுகிறது. கதை அதன் பின்னர்தான் நகர்கிறது.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. சோற்றையும் நண்டையும் ‘முதன்மை உணவு’ என்ற தலைப்புக்கு மாற்றும்படி மேலாளரிடம் கேட்கப் போகிறேன்.