'அனஸ்டைலோசிஸ்': தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழங்கட்டடப் பாதுகாப்புச் சொற்பட்டியலில் 'அனஸ்டைலோசிஸ்' என்ற இடம் இன்னும் நிரம்பவில்லை. பலரும் 'புனரமைப்பு' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். அது போதாத சொல் என்பதோடு நிற்கவில்லை, பொருளையே கவிழ்த்துவிடுகிறது.

இடிந்து சிதறிய கட்டடத்தின் சொந்தக் கற்களையே தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் அது முன்பு இருந்த இடத்திலேயே வைத்து மறுபடி எழுப்புவது அனஸ்டைலோசிஸ். பழஞ்சின்னப் பாதுகாப்புக்கான பன்னாட்டு நெறி ஆவணமான 1931 ஏதென்ஸ் சாசனம் இடிபாடுகளுக்கு இந்த முறையை ஏற்றது. அதன் பின் வந்த 1964 வெனிஸ் சாசனத்தின் 15ஆம் பிரிவு இன்னும் கறாரானது: அகழ்ந்த இடங்களில் புனரமைப்பு எதுவும் கூடாது, அனஸ்டைலோசிஸ் மட்டுமே செய்யலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் "புனரமைப்பு கூடாது, புனரமைப்பு மட்டுமே செய்யலாம்" என்றாகும். விதியை மீறுகிறவருக்கு அந்த மொழிபெயர்ப்பே சாக்காகிவிடும்.

'திருப்பணி'யும் இங்கே ஒத்துவராது. புதுக் கல் வைப்பது, மண்டபம் சேர்ப்பது, வண்ணம் தீட்டுவது எல்லாமே அதற்குள் அடங்கும்.

என் பரிந்துரைகள்: மீள்நிறுவல், மூலக்கல் கட்டுமானம், மறுகோப்பு, மீளடுக்கல். கிரேக்கத்தில் 'ஸ்டைலோஸ்' என்றால் தூண். அந்த வேரைப் பார்த்தால் மீள்நிறுவல் நெருக்கமானது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

———

> மீள்நிறுவல், மூலக்கல் கட்டுமானம், மறுகோப்பு, மீளடுக்கல்

'மறுநிறுவல்' கணினியில் மென்பொருளை மறுபடி ஏற்றுவதற்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. மீள்நிறுவலை அதிலிருந்து பிரித்துக் காட்ட முடியாது. கோப்பு என்றால் இன்று எல்லோருக்கும் ஃபைல்தான். 'மூலக்கல்' பணியிடத்தில் வாயால் சொல்லும்போது 'மூலைக்கல்' என்றே காதில் விழும். மூலைக்கல் என்று கட்டடத்தில் உண்மையாகவே ஒரு கல் இருப்பதால் இது சிறிய குழப்பம் இல்லை.

கிரேக்க வேரைத் துரத்துவதை விட, வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாக வரும். நடப்பது அடுக்கல்தான். சாந்து இல்லாமல் கல்மேல் கல் உட்காரும் கட்டுமானங்களுக்கே இந்த முறை முதன்மையாக உரியது. வேலையைச் சற்று விரித்துச் சொல்கிறேன், சொல்லைத் தேர்வதற்கு உதவும்.

முதலில், கிடக்கும் கல்லை யாரும் தொடக்கூடாது. இடத்தைக் கட்டம் பிரித்து, ஒவ்வொரு கல்லும் எங்கே, எந்த முகம் மேலாக, எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்று வரைந்து, ஒளிப்படமும் எடுக்க வேண்டும். சுவர் ஒரே பக்கமாகச் சாய்ந்து விழுந்திருந்தால் மேல்வரிக் கற்கள் தொலைவிலும் கீழ்வரிக் கற்கள் அருகிலுமாக, பெரும்பாலும் வரிசை குலையாமல் கிடக்கும். 'ஒழுங்குபடுத்துகிறோம்' என்று இயந்திரத்தால் ஓரமாகக் குவித்துவிட்டால் இந்தச் சான்று ஒரே நாளில் அழிந்துவிடும், திரும்பக் கிடைக்காது.

அடுத்தது பொருத்தம் தேடுவது. சிற்பமோ வரிக்கோடோ இரண்டு கற்களில் தொடர்ந்தால் எளிது. வேலைப்பாடு இல்லாத கற்களில் கல்லின் மேல்முகத்தையும் பக்கமுகத்தையும் படிக்க வேண்டும். பக்கத்துக் கற்களை இணைக்கும் உலோகக் கவ்வி பதியும் கவ்விக்குழி, பாதி இந்தக் கல்லிலும் பாதி அடுத்த கல்லிலுமாக இருக்கும். விளிம்பிலிருந்து அதன் தொலைவு, அகலம், ஆழம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மேல்கல்லையும் கீழ்க்கல்லையும் இணைக்கும் முளை இறங்கும் முளைக்குழிகள் இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். மேல்கல் மூடியிருந்த பரப்பு புதிதுபோல் இருக்கும், வெளியே தெரிந்த பட்டை வெயிலிலும் மழையிலும் தேய்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு, மேல்கல் எவ்வளவு உள்தள்ளி உட்கார்ந்திருந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். கிரேக்கக் கட்டடங்களில் கல்லைக் கடைசியாக நெம்பித் தள்ளக் கடப்பாரை வைத்த சிறு பள்ளமும் இருக்கும். எந்தத் திசையில் கற்களை வைத்துப் போனார்கள் என்பது அதிலிருந்து தெரியும்.

எண்ணை மறையும் முகத்தில் மட்டுமே எழுத வேண்டும்: பக்கம், வரி, இடம் என்ற ஒழுங்கில், 'வ-7-12' என்றால் வடக்குச் சுவர், ஏழாம் வரி, பன்னிரண்டாம் கல். சிற்ப முகத்தில் பெயிண்ட் எண் போடுவதை எவ்வளவு கண்டித்தாலும் தகும். நுண்துளைக் கல்லில் இறங்கிய பெயிண்டை முழுதாக எடுக்க முடியாது.

பிறகு தரையில் இரண்டு மூன்று வரிகளை வெறும் கல்லாக அடுக்கிப் பார்ப்பது. இதற்கு 'ஒத்திகை அடுக்கு' என்று பெயர் வைக்கலாம். இதைத் தாண்டிக் குதிக்கிற இடத்தில்தான் வேலை கெடுகிறது. ஒவ்வொரு படுகையிலும் (கல் உட்காரும் பரப்பில்) ஒரு மில்லிமீட்டர் மணலோ தூசியோ தங்கிவிட்டால் 25 வரிக்குப் பிறகு உத்திரம் உட்காரும் மட்டம் 25 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். ஒரு வரியில் கல்லுக்குக் கல் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் இருபது கல்லுக்கு 40 மில்லிமீட்டர். கடைசிக் கல் நுழையாது. அப்போது யாராவது உளியை எடுத்து அந்தப் பழங்கல்லின் ஓரத்தைச் செதுக்குவார்கள். நுழையாத கல் முந்தைய வரிசையில் பிழை இருப்பதைச் சொல்கிறது. அந்த வரியை முழுதும் பிரித்துத் திரும்ப வைப்பதுதான் வழி.

தூக்குவது பற்றி ஒரு கணக்கு. மூன்று மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரமுள்ள கருங்கல் உத்திரம் 0.75 கனமீட்டர். கனமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன் என்றால் எடை இரண்டு டன்னுக்கு மேல். இரும்புச் சங்கிலியை நேராகச் சுற்றினால் விளிம்பு சில்லாகப் பெயரும். அகலமான நைலான் பட்டையும் விளிம்புக்கு மரக்கட்டை அணையும் தேவை.

இவ்வளவிலும் 'அடுக்கு' என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. என் வாக்கு மீளடுக்கலுக்கு.

———

மீளடுக்கல் நல்ல சொல். ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: எந்தக் கல்லையும் எங்கே வேண்டுமானாலும் அடுக்கலாம், அதுவும் மீளடுக்கல்தானே? 'அதே கல், அதே இடம்' என்ற நிபந்தனை சொல்லுக்குள் இல்லை.

அந்த நிபந்தனை போனால் என்ன ஆகும் என்பதற்கு ஏதென்ஸில் உள்ள பழங்கிரேக்கக் கோயிலான பார்த்தினன் போதும். 1687இல் வெடிமருந்துக் கிடங்காக இருந்தபோது குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியது. 1898 முதல் 1933 வரை பொறியாளர் நிக்கோலாஸ் பலானோஸ் தலைமையில் தூண்களை மறுபடி எழுப்பினார்கள். பல கற்களை அவற்றின் இடம் தேடாமல், அளவுக்குப் பொருந்திய இடத்தில் வைத்தார்கள். பொருந்தாதபோது வெட்டிப் பொருத்தினார்கள். புது இரும்புக் கவ்விகளை ஈயம் இல்லாமல் பதித்தார்கள். பழைய கிரேக்கக் கொத்தர்கள் இரும்புக் கவ்வியைச் சுற்றி ஈயம் உருக்கி ஊற்றியிருந்தார்கள். காற்றும் நீரும் படாததால் அவற்றில் பல இருபது நூற்றாண்டு தாண்டியும் நன்றாக இருந்தன. புதியவை சில பத்தாண்டுகளிலேயே துருப்பிடித்தன. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பது. உள்ளிருந்து அது தள்ளத் தள்ளப் பளிங்கு வெடித்தது.

1975இல் அமைக்கப்பட்ட குழு இன்றுவரை செய்யும் வேலையில் பெரும்பகுதி, அந்த இரும்பை எடுத்து டைட்டானியம் வைப்பதும், இடம் மாறிய கற்களைக் கண்டுபிடித்துச் சொந்த இடத்துக்குக் கொண்டுபோவதும்தான். டைட்டானிய இணைப்பின் அளவையும் யோசித்தே தீர்மானிக்கிறார்கள்: நிலநடுக்கத்தில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்றால் உலோகம் விட்டுக்கொடுக்கட்டும், கல் உடையக்கூடாது.

ஆகவே 'தன்னிட மீளடுக்கல்' என்று சொன்னால் நிபந்தனையும் உள்ளே வந்துவிடும் அல்லவா?

———

நிபந்தனை முக்கியம் என்பதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் கலைச்சொல் முழு வரையறையையும் தோளில் சுமக்க வேண்டியதில்லை. 'தன்னிட' என்ற அடை நாலு பக்கத்துக்குள் உதிர்ந்துவிடும், எல்லோரும் மீளடுக்கல் என்றுதான் எழுதுவார்கள். அதை வரையறையில் முதல் வரியாக வைப்போம்.

எனக்கு வேறொரு கவலை. நிற்கிற கட்டடத்தையே, அடித்தளம் இறங்கியதாலோ நீர் புகுந்ததாலோ, கல் கல்லாகப் பிரித்துச் சரிசெய்து மறுபடி அடுக்குவதும் உண்டு. இந்தோனேசியாவின் பௌத்தக் கட்டடமான போரோபுதூரில் 1975 முதல் 1982 வரை நடந்தது அதுதான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கற்களைக் கழற்றி, உள்ளே நீர் வடிகால் அமைத்து, திரும்ப அடுக்கினார்கள். இதையும் மீளடுக்கல் என்றா சொல்வது?

பிரித்துச் சொல்ல வேண்டும் என்பேன். ஓட்டுக்கூரையைப் 'பிரித்து மேய்ந்தோம்' என்று சொல்வது நம் வழக்கு. அதே வாய்ப்பாட்டில் 'பிரித்தடுக்கல்'.

வேறுபாடு பெயரளவிலானதில்லை. பிரித்தடுக்கலில் ஒரு கல்லின் இடத்துக்குச் சான்று நாம் எழுதிவைத்த ஆவணம். மீளடுக்கலில் சான்று கல்லிலேயே இருக்கிறது, தேட வேண்டும். கம்போடியாவின் அங்கோரில் உள்ள பாப்புவான் கோயில் இரண்டையும் சந்தித்தது. 1960களில் பிரித்து, ஏறத்தாழ 3,00,000 கற்களைச் சுற்றிலும் பரப்பி வைத்தார்கள். போரால் வேலை நின்றது, 1975க்குப் பிறகு ஆவணங்கள் அழிந்தன. 1995இல் மறுபடி தொடங்கியபோது பிரித்தடுக்கலாக இருந்த வேலை மீளடுக்கலாக மாறியிருந்தது: ஒவ்வொரு கல்லுக்கும் இடத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முடிந்தது 2011இல். ஆவணத்துக்கு இரண்டாவது படி எடுத்து வேறு ஊரில் வைப்பது எழுத்து வேலை என்று நினைப்பவர்கள் அந்தப் பதினாறு ஆண்டுகளைக் கணக்கில் கொள்ளட்டும்.

———

பிரித்தடுக்கல் என்ற சொல்லை அப்படியே ஏற்கிறேன். விளக்கமே தேவையில்லை, கேட்டவுடன் புரிகிறது.

ஒரு கேள்வி: செங்கல் கட்டடத்துக்கு மீளடுக்கல் பொருந்துமா? சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் இடிந்தால் செங்கல் உடைகிறது, சாந்து பொடியாகிறது, ஒரே அளவுள்ள செங்கற்களில் எது எங்கே இருந்தது என்று காட்ட எதுவும் மிஞ்சாது. பழைய செங்கல்லைப் பயன்படுத்தி எழுப்பினாலும் அது மறுகட்டுமானம்தான். சுவர் பெரிய துண்டுகளாகக் குலையாமல் விழுந்திருந்தால் அந்தத் துண்டுகளுக்கு மட்டும் பொருந்தலாம்.

எவ்வளவு கல் கிடைத்தால் மீளடுக்கல் என்று ஏற்பது? இந்தோனேசியாவின் பிரம்பனான் கோயில் தொகுதியில் 75 விழுக்காடு பழங்கல் கிடைத்தால்தான் ஒரு கோயிலை எழுப்புவது என்று வரம்பு வைத்தார்கள். அங்கே சிறு கோயில்கள் பல இன்றும் கற்குவியலாகவே இருப்பதற்குக் காரணம் அதுதான். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். எண் இடத்துக்கு இடம் மாறலாம், வரம்பு இல்லாமல் தொடங்கக்கூடாது.

———

வரம்பு பற்றிச் சொன்னதோடு சேர்த்து, இடையில் வைக்கும் புதுக்கல்லுக்கும் பெயர் வேண்டும். 'நிரப்புக்கல்' போதும். வெனிஸ் சாசனம் இரண்டு கேட்கிறது: பார்த்தால் புதிது என்று தெரிய வேண்டும், கட்டடம் நிற்கவும் வடிவம் புலப்படவும் தேவையான மிகக் குறைந்த அளவே இருக்க வேண்டும். நடைமுறையில், அதே வகைக் கல், அதே உளிவேலையைப் போலி செய்யாத முகம், கல்லை வைத்த ஆண்டு மறையும் பக்கத்தில்.

இன்னொன்று மிகவும் கவனிக்க வேண்டியது. உடைந்த பழங்கல்லோடு புதுத்துண்டைச் சேர்க்கும்போது, வசதிக்காகப் பழங்கல்லின் உடைந்த முகத்தை மட்டமாக அறுப்பது பலகாலப் பழக்கம். அறுத்துவிட்டால், நாளை அந்தக் கல்லின் உண்மையான மறுபாதி கிடைத்தாலும் பொருத்த முடியாது. மேடுபள்ளத்தை அச்செடுத்துப் புதுக்கல்லைத்தான் அதற்கேற்பச் செதுக்க வேண்டும். பார்த்தினனில் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள்.

———

எல்லோருக்கும் நன்றி. பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன், திருத்தம் இருந்தால் எழுதுங்கள்.

மீளடுக்கல்: சிதறிக் கிடக்கும் ஒரு கட்டடத்தின் சொந்தக் கற்களை, அவற்றிலுள்ள சான்றுகளைக் கொண்டு இடம் கண்டு, அதே இடத்தில் வைத்து எழுப்புதல். இடம் உறுதியாகாத கல்லைக் கட்டடத்தில் வைப்பது மீளடுக்கல் ஆகாது. அந்தக் கல் எண்ணிட்டு அருகில் காக்கப்படும்.

பிரித்தடுக்கல்: நிற்கும் கட்டடத்தை ஆவணப்படுத்திக் கல் கல்லாகப் பிரித்து, கோளாறு நீக்கி, ஆவணப்படி திரும்ப அடுக்குதல்.

நிரப்புக்கல்: மேற்கண்ட இரண்டு வேலைகளிலும் கிடைக்காமல் போன கல்லுக்கு ஈடாக வைக்கும், அடையாளம் தெரியும் புதுக்கல்.

ஒத்திகை அடுக்கு: ஏற்றுவதற்கு முன் தரையில் சாந்தின்றி அடுக்கிப் பொருத்தம் பார்த்தல்.

வினையாக 'மீளடுக்கு', பெயரடையாக 'மீளடுக்கிய' (மீளடுக்கிய மண்டபம், மீளடுக்கிய தூண்). 'புனரமைப்பு' இந்த நான்கில் எதற்கும் மாற்றாக வரக்கூடாது என்ற குறிப்பையும் கீழே சேர்த்துவிடுகிறேன். அடித்தளம் ஏன் இறங்கியது என்று ஆய்வதற்கும் ஒரு சொல் வேண்டும், ஆனால் அது மண்ணியல் பட்டியலில் வருவது. அதைத் தனி இழையில் எடுத்துக்கொள்வோம்.