ரெஸ்லிங் சுற்றுப்பயணத்துக்குப் பங்கு சேர்க்கிறார்கள், மாமா 5 லட்சம் கொடுத்துவிட்டார்

களுவாஞ்சி_மருமகன்:
எல்லாருக்கும் வணக்கம். மாமா ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிகுடி. போன மாதம் ஒருவர் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தார். டீவியில் வந்த ரெஸ்லிங்காரர் பத்துப் பேரை வெளிநாட்டிலிருந்து கூட்டி வந்து, நவம்பரில் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, திருகோணமலை, வவுனியா, யாழ்ப்பாணம் என்று ஆறு ஊரில் திறந்த மைதானத்தில் நடத்தப் போகிறார்களாம். ஒரு பங்கு 5 லட்சம், மொத்தம் 20 பங்கு. மூன்று மாதத்தில் 8 லட்சமாகத் திரும்பி வருவது உறுதியாம். டிக்கெட் 1000 ரூபாய், ஊருக்கு 3000 பேர் என்று கணக்கும் காட்டினார். மாமா பணிக்கொடைக் காசில் ஒரு பங்கு எடுத்துவிட்டார். இப்போது இரண்டாவதுக்கும் போன் மேல் போன். நாங்கள் ஏதாவது சொன்னால் "உனக்கு ரெஸ்லிங் பற்றி என்ன தெரியும்" என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிங்_பைத்தியம்:
மச்சான், காசை விடு, யார் யார் வருகிறார்கள்? போஸ்டர் இருந்தால் போடு. சின்ன வயதில் ரெஸ்லிங்காரர் படம் போட்ட காட் சேர்த்த ஆள் நான், பார்த்தால் சொல்லிவிடுவேன்.

கல்லடி_சவுண்ட்காரன்:
தம்பி, மாமா கேட்டது சரிதான், எனக்கும் ரெஸ்லிங் பெரிதாகத் தெரியாது. ஆனால் கோயில் திருவிழா, இசை நிகழ்ச்சி என்று சவுண்ட், லைட் கொடுத்தே வயது போன ஆள் நான். வாசலில் வருகிற காசு எப்படி வரும், எப்படிப் போகும் என்று தெரியும்.

அவர் சொன்ன கணக்கையே எடுங்கள். 3000 பேர், 1000 ரூபாய், ஆறு ஊர். ஒரு கதிரை காலியில்லாமல் விற்றாலும் 1 கோடி 80 லட்சம். 20 பங்குக்கு 8 லட்சப்படி 1 கோடி 60 லட்சம் திருப்பிக் கொடுக்க வேணும். மிச்சம் 20 லட்சம், பங்குக்கு வாங்கின 1 கோடியையும் சேர்த்தால் 1 கோடி 20 லட்சம். அதுக்குள்ளே பத்துப் பேரின் சம்பளம், விமான டிக்கெட், விசா, ஹோட்டல், ரிங், லொறி, ஜெனரேட்டர், மைதான வாடகை, களியாட்ட வரி. இவ்வளவுக்கும் மறுகா அவருக்கும் லாபமாம்! ஓசிப் பாஸை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு பாஸில் குடும்பமே வந்து முன்வரிசையில் இருக்கும்.

அதை விடுங்கள், நவம்பரில் மட்டக்களப்பில் திறந்த வெளியில் ரிங் போடுகிறாராம். எங்கள் ஊர் மழையை இந்த ஆள் கண்டதே இல்லை. அந்த மாதம் வெளி நிகழ்ச்சிக்கு யாரும் கேட்டால் முழுக் காசையும் முதலிலேயே வாங்காமல் நான் பெட்டி இறக்க மாட்டேன்.

பெரிய ஆட்களே இந்தத் தொழிலில் விழுந்திருக்கிறார்கள். 1976இல் ஜப்பானில் அன்டோனியோ இனோக்கி என்ற ரெஸ்லிங்காரர் குத்துச்சண்டை வீரர் முகமது அலியை டோக்கியோவுக்குக் கூட்டி வந்து மோதினார். அலிக்குப் பேசிய தொகையே 60 லட்சம் டாலர் அளவில். இனோக்கி தரையில் படுத்துக்கொண்டு காலால் உதைத்ததுதான் மிச்சம், 15 சுற்றும் முடிந்து சமநிலை. சனம் குப்பை எறிந்தது, இனோக்கியின் கம்பனி கடனில் மாட்டியது. இங்கிலாந்தில் 2018 பிப்ரவரியில் ஒரு கம்பனி லிவர்பூலில் தொடங்கி ஊர் ஊராகப் பெரிய அரங்குகளில் வாராவாரம் நடத்தப் போவதாக அறிவித்தது. கதிரைகள் காலி, சில வாரத்திலேயே இழுத்து மூடினார்கள்.

இன்னொன்று: ரெஸ்லிங்காரர் முன்பணம் வாங்காமல் விமானம் ஏற மாட்டார். மழை பெய்தாலும் அதைத் திருப்பித் தரமாட்டார். எங்களுக்கும் அட்வான்ஸ் உண்டு. எல்லாருக்கும் கொடுத்து முடிந்து மிஞ்சினால்தான் உங்கள் மாமாவின் முறை. பங்கு வாங்கினவர் வரிசையில் கடைசி ஆள், அதுக்குப் போய் "உறுதி" என்று எவரும் எழுதித் தர முடியாது. மாமாவிடம் இருக்கிற ரசீதில் என்ன எழுதியிருக்கு என்று பாருங்கள்.

சம்மாந்துறை_நானா:
2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின்படி தனியார் கம்பனி பொதுமக்களிடம் பங்கு விற்க முடியாது, பங்குதாரரும் 50 பேருக்கு மேல் போக முடியாது. "வைப்பு" என்று சொல்லி வாங்கினால் மத்திய வங்கியின் அனுமதி வேணும். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மத்திய வங்கித் தளத்தில் இருக்கு, பாருங்க.

களுவாஞ்சி_மருமகன்:
அண்ணன், ரசீதைப் பார்த்தேன். பங்கு என்ற சொல்லே இல்லை. "நிகழ்ச்சி அனுசரணைத் தொகை, மீளளிக்கப்படமாட்டாது" என்று அடியில் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கு. மாமா கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். ஒன்றும் பேசவில்லை.

கல்லடி_சவுண்ட்காரன்:
நினைத்தேன். இரண்டாவது பங்குக்கு போன் வந்தால் மாமாவை எடுக்க விடாதீங்க, நீங்களே பேசுங்க. மைதானத்துப் புக்கிங் கடிதத்தின் கொப்பியும் ரெஸ்லிங்காரர் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் கேளுங்க. மட்டக்களப்பு வெபர் மைதானம் என்று சொன்னால் அங்கே பொறுப்பானவர்களிடம் திகதியைச் சொல்லி நேரில் விசாரியுங்க. ரசீதின் மூலப் பிரதியை எவரிடமும் கொடுக்காதீங்க. பங்கு எடுத்த மற்றவர்களில் யாரையாவது தெரிந்தால் அவர்களையும் சேர்த்துக்கொண்டு பொலிசுக்குப் போங்க, தனியாகப் போனால் "நீங்கள்தானே விரும்பிக் கொடுத்தீங்க" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள்.

ரிங்_பைத்தியம்:
போஸ்டர் இன்னும் வரவில்லையே மச்சான்?

களுவாஞ்சி_மருமகன்:
போஸ்டரே அடிக்கவில்லையாம். இப்போதுதான் கேட்டேன்.