பருந்தா, கழுகா? பிராய்டின் லியோனார்டோ கட்டுரை பற்றி ஒரு கேள்வி

எதிர்க்கரை:
இந்த மன்றத்தின் கனவு பற்றிய இழையில் அகவெளி போகிறபோக்கில் எழுதியிருந்தார்: "லியோனார்டோ கட்டுரையில் பறவையின் பெயர் மாறியது வெறும் மொழிபெயர்ப்புப் பிழை, வாதத்துக்குச் சேதமில்லை." படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்கு: தொட்டிலில் கிடந்தபோது ஒரு பறவை வந்து வாலால் தன் வாயைத் திறந்து, உதடுகளுக்குள் பலமுறை அடித்ததாக ஓவியர் லியோனார்டோ டா வின்சி ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அவர் எழுதிய இத்தாலியச் சொல் நிப்பியோ. அதாவது பருந்து. உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த பிராய்ட் 1910இல் இதை விளக்கியபோது ஜெர்மனில் அது கையர் ஆகிவிட்டது. அதாவது பிணந்தின்னிக் கழுகு.

அந்தக் கழுகின்மேல் அவர் ஏறிய படிகளைப் பாருங்கள். எகிப்திய எழுத்தில் தாயைக் குறிக்கும் உரு கழுகு. மூத் என்ற தாய்த்தெய்வத்துக்கும் கழுகுத் தலை. கழுகினத்தில் ஆணே இல்லை, காற்றால் கருவுறும் என்று ஒரு பழங்கதை. கன்னிப் பிறப்புக்கு ஒப்பாகத் திருச்சபைத் தந்தையர் அதைச் சொன்னதால் லியோனார்டோவும் அறிந்திருப்பார். எனவே தன்னைத் தந்தையற்ற கழுகுக்குஞ்சாக உணர்ந்தார். எனவே முதல் சில ஆண்டுகள் தாய் கத்தரினாவிடம் மட்டுமே வளர்ந்தார்.

பருந்தை வைத்துக்கொண்டு இதில் எந்தப் படி ஏறுவீர்கள்?

அகவெளி:
முழுக் கட்டுரையையும் எகிப்துக்குள் அடைக்காதீர்கள். பிராய்ட் முதலில் சொல்வது, இது நினைவே அல்ல, பிற்காலத்தில் உருவாகிக் குழந்தைப் பருவத்துக்குள் தள்ளப்பட்ட கற்பனை என்பது. அதற்கு எந்தப் பறவையானாலும் ஒன்றுதான். வாய்க்குள் நுழையும் வால், அதன் அடியில் பால் குடித்த நினைவு. இதற்கும் இனப்பெயருக்கும் தொடர்பில்லை. 1957இல் ஆங்கிலத் தொகுப்பின் 11ஆம் தொகுதியில் அதன் பதிப்பாசிரியர் ஸ்ட்ரேச்சி பிழையை ஒப்புக்கொண்டு, எகிப்துப் பகுதி விழுந்தாலும் மையம் விழவில்லை என்று காட்டிவிட்டார். மேலும் தன்மோகம் (தன்னையே நேசித்தல்) என்ற கருத்து வளர்ந்த இடங்களில் இந்தக் கட்டுரை முக்கியமானது. தாயோடு தன்னை அடையாளப்படுத்திக்கொண்ட மகன், தாய் தன்னை நேசித்ததுபோல் தன்னையொத்த பையன்களை நேசிக்கிறான் என்ற விளக்கம் இதில்தான் விரிகிறது. அது கழுகின் முதுகில் ஏறி வரவில்லை.

எதிர்க்கரை:
இவ்வளவு நீளப் பதிலில் பருந்து என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

"மையம் விழவில்லை" என்கிறீர்கள். 1457 வரி ஆவணம் ஐந்து வயது லியோனார்டோவைத் தாத்தா வீட்டில் காட்டுகிறது. அதற்கு முன் அவர் எங்கே வளர்ந்தார் என்பதற்கு பிராய்டின் கையில் ஆவணம் இல்லை. அந்த இடைவெளியை எதை வைத்து நிரப்பினார்? கழுகை வைத்து. தாய்க்குப் பதில் கழுகு வருவதே, தந்தை இல்லாததைக் குழந்தை உணர்ந்ததற்கு அடையாளம் என்றார். உங்கள் தாய்-மகன் விளக்கம் நிற்பது அந்தத் தனிமை ஆண்டுகளின்மேல். கழுகு போனால் ஆண்டுகள் போயின, ஆண்டுகள் போனால் விளக்கமும் போயிற்று.

இன்னொன்று. கட்டுரையின் அடிக்குறிப்பில் இத்தாலிய மூலத்தை அவரே அச்சிட்டிருக்கிறார். நிப்பியோ என்றே இருக்கிறது. மேலே கழுகு, கீழே பருந்து, ஒரே நூலில்!

சித்திரசாலை:
எதிர்க்கரை விட்டதை நான் சேர்க்கிறேன். 1913இல் பிராய்டின் நண்பர் பிஃஸ்டர், பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள லியோனார்டோவின் ஆன்னா-மரியா-குழந்தை ஓவியத்தில் (ஆன்னா மரியாளின் தாய்) மரியாளின் நீல ஆடை மடிப்புக்குள் கழுகு உருவத்தைக் "கண்டுபிடித்தார்". 1919 பதிப்பில் பிராய்ட் அதையும் சேர்த்தார், தயக்கத்தோடுதான் என்றாலும் சேர்த்தார். குறிப்பில் இல்லாத பறவை, தவறான சொல் வழியாகத் துணிக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது.

ஆன்னாவும் மரியாளும் ஒத்த வயதில் இளமையாக இருப்பது பெற்ற தாய், தந்தையின் மனைவி அல்பியேரா என்ற இரு தாய்மாரின் சுவடு என்பதும் பலவீனம். 1956இல் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷபிரோ காட்டியபடி, ஆன்னாவை இளமையாகத் தீட்டுவது முன்பே இருந்த வழக்கம். 15ஆம் நூற்றாண்டு இறுதியில் ஆன்னா வழிபாடும் உச்சத்தில் இருந்தது. ஓவியரின் தொட்டிலைத் தேடுமுன் சக ஓவியர்களின் சுவர்களைப் பார்த்திருக்க வேண்டும்.

அகவெளி:
ஷபிரோவுக்கு 1961இல் உளப்பகுப்பாய்வாளர் எய்ஸ்லர் தனி நூலே எழுதி மறுத்தார். அதையும் சொல்லியிருக்கலாம். ஓர் ஓவிய வழக்கம் பொதுவாக இருப்பதால், ஒருவன் அதை ஏன் ஆண்டுக்கணக்கில் விடாமல் பிடித்துக்கொண்டான் என்ற கேள்வி மறைந்துவிடாது. உளப்பகுப்பாய்வு கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

நடுநிசி:
பிராய்டோடு இருந்து பிரிந்த உளவியலாளர் யுங்கை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 1936இல் இதே ஓவியத்தை எடுத்து, இரு தாய் என்பது தனிமனித வரலாறு அல்ல, மூலப்படிமம், அதாவது மனித இனம் முழுவதற்கும் பொதுவான உள்ளத்து உரு என்றார். இருமுறை பிறந்தவன் என்ற கருத்து எத்தனையோ தொன்மங்களில் இருக்கிறது, கிரேக்க வீரன் ஹெராக்ளீஸ் உட்பட. கத்தரினா எந்த வீட்டில் இருந்தாள் என்று தேடவே தேவையில்லை.

எதிர்க்கரை:
நடுநிசி, மூலப்படிமம் எந்த ஆவணத்தாலும் பொய்யாகாது, ஆகவே எதையும் மெய்ப்பிக்கவும் செய்யாது. பிராய்டாவது பிடிபடக்கூடிய தவறு செய்தார். அந்த அளவுக்கு அவரை மதிக்கிறேன். சரி, உங்கள் மூலப்படிமம் பருந்தா, கழுகா?

சொல்லாய்வன்:
மன்னிக்கவும், இங்கே எல்லோரும் "கழுகு" என்றே எழுதுகிறீர்கள். கழுகு வேட்டையாடும் பறவை. பிணம் தின்னும் வழுக்கைத்தலைப் பறவைக்குப் பாறு என்று நல்ல பழைய சொல் இருக்கிறது. சொல் தவறியதற்காக பிராய்டைக் கூண்டில் ஏற்றும் இழையிலேயே சொல் தவறலாமா? போகட்டும், "ஆழ்மனம்" என்று கனவு இழை முழுக்க எழுதியதும் தவறு. நனவிலி என்பதே சரி. கீழ்நனவு என்ற பொருள்படும் சொல்லை பிராய்டே 1915இல் குழப்பம் தருவதென்று தள்ளியிருக்கிறார்.

எதிர்க்கரை:
பாறு என்றே வைத்துக்கொள்வோம். பாறு அல்ல, பருந்து. இப்போது பதில் வருமா?

பருந்தாகவே படித்தால் என்ன கிடைக்கும் என்று நானே சொல்கிறேன். அந்தக் குறிப்பின் தொடக்கமே, பருந்தைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதுவது தன் விதி போலும் என்பதுதான். லியோனார்டோ பறத்தலை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பருந்து வாலைத் திருப்பித் திசை மாற்றும் பறவை. வால் ஏன் வந்தது என்பதற்கு இது போதும். குழந்தையின் வாயைத் தொடும் உயிர் பெருமையை முன்னறிவிப்பது பழைய கதை மரபு: பிளேட்டோவின் உதட்டில் தேனீ, மன்னன் மிடாஸின் வாயில் எறும்புகள் வைத்த தானியம். ஷபிரோ இதையும் சொல்கிறார். லியோனார்டோவின் விலங்குக் குறிப்புகளில் பருந்து எதற்கு உவமை தெரியுமா? பொறாமைக்கு. குஞ்சுகள் கொழுத்தால் விலாவைக் கொத்திப் பட்டினி போடும் பறவை. பிராய்ட் சொல்லும், பாசத்தால் முத்தமிட்டு மூழ்கடிக்கும் தாயை இதிலிருந்து எடுங்கள் பார்க்கலாம்.

அகவெளி:
பட்டினி போடும் தாயும் தாய்தானே! நீங்கள் கொண்டுவந்த சான்றே பறவையையும் தாயையும் சேர்க்கிறது. உளவியல் புனைகதை எழுதிவிட்டதாகத் தன்மேல் குற்றம் வரலாம் என்று பிராய்ட் அதே கட்டுரையில் சொல்லியிருக்கிறார். அந்த அடக்கம் இங்கே சிலருக்கு இல்லை.

எதிர்க்கரை:
பாசத்தில் மூழ்கடித்தாலும் தாய், பட்டினி போட்டாலும் தாய் என்றால் எந்தப் பறவை வந்தாலும் நீங்கள் தோற்க மாட்டீர்கள். அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

அடக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. கலை ஆய்வாளர் மேக்லகன் இந்தப் பிழையை அச்சில் சுட்டியது 1923இல். பிராய்ட் 1939 வரை உயிரோடிருந்தார். பதினாறு ஆண்டுகளில் ஒரு வரி திருத்தம் வரவில்லை.

அகவெளி:
அவர் அதைப் பார்த்தார் என்பதற்கு ஆவணம் வைத்திருக்கிறீர்களா? மற்றவர்களிடம் மட்டும் ஆவணம் கேட்பீர்கள்.

எதிர்க்கரை:
பிராய்டிடம் சிகிச்சை பெற்ற டோரா பற்றிய இழையில், சிகிச்சை பதினொரு வாரம்தான், 1900 டிசம்பர் 31இல் அவளே நிறுத்தினாள் என்று நான் எழுதியபோது "பல ஆண்டுகள்" என்று அடித்துச் சொன்னவர் ஆவணம் பற்றிப் பேசுகிறார். அந்தத் திருத்தமும் இன்னும் வரவில்லை.

அகவெளி:
அதை இங்கே இழுப்பதிலேயே தெரிகிறது, உங்கள் கோபம் பிராய்ட்மேல் அல்ல. டோராவுக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம்?

எதிர்க்கரை:
பறவைக்கு வாருங்கள் என்றுதான் நானும் கூப்பிடுகிறேன். பருந்தை வைத்து, தந்தையற்ற முதல் ஆண்டுகளுக்கு ஒரே ஒரு படி. எந்தப் படி?

சொல்லாய்வன்:
அகவெளி, மேலே உங்கள் முதல் பதிலில் இன்னும் "கழுகின் முதுகில்" என்றே இருக்கிறது. பாறு.