பிரிட்ஜிங் விசாவைப் புதுப்பிக்க 900 டொலரா?

மூதூரான் (மெல்பேர்ன்):

எல்லோருக்கும் வணக்கம். 2012 கடைசியில் படகில் கிறிஸ்மஸ் தீவுக்கு வந்தவன் நான். இப்போது டன்டினோங்கில் இருக்கிறேன். என் பாதுகாப்பு (அகதி) விசா விண்ணப்பத்தை ஆஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களம் நிராகரித்தது, அந்த முடிவை மறுபரிசீலனை செய்த ஐ.ஏ.ஏ. என்ற அமைப்பும் அதையே உறுதி செய்தது. அங்கே என்னை ஒருமுறைகூட நேரில் கூப்பிடவில்லை. கோப்பை மட்டும் படித்துத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அதை எதிர்த்துப் போட்ட வழக்கு ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றத்தில் இன்னும் கிடக்கிறது.

கையில் இருப்பது பிரிட்ஜிங் விசா ஈ, அதாவது வழக்கு முடியும்வரை இங்கே இருக்க விடுகிற தற்காலிக விசா. அது அடுத்த மாதம் முடிகிறது. மெடிகேர் என்ற அரசு மருத்துவ அட்டையும் அதே தேதியோடு முடிகிறது. நான் வேலை செய்யும் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் இப்போதே புதிய விசாக் கடிதம் கேட்கிறார். அது வராவிட்டால் ரோஸ்டரில் பெயர் இருக்காது என்று சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

கடையில் பழக்கமான ஒருவர், 900 டொலர் கொடுத்தால் விசாவைப் புதுப்பித்து, அப்படியே 851 என்ற நிரந்தர விசாவுக்கும் சேர்த்துப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். என் நண்பனுக்கு 2023இல் 851 கிடைத்தது. ஒரே ஊர், ஒரே படகு. இரண்டு பேரும் அதிகாரிகளிடம் சொன்னதில் பாதி ஒன்றேதான். அவன் மனைவியைக் கூப்பிட விண்ணப்பித்துவிட்டான். நான் என் மகளின் சாமத்திய வீட்டை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். அந்த ஆள் சொல்வது நடக்கக்கூடியதா? இந்தப் புதுப்பித்தலை நானே செய்ய முடியுமா? என் ஆங்கிலம் தொழிற்சாலை அளவுக்குத்தான்.

வன்னிக்காரி (சிட்னி):

தம்பி, அந்த 900 டொலர் உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். பிரிட்ஜிங் விசா ஈ, அதாவது 050க்கு, விண்ணப்பக் கட்டணமே கிடையாது. இமிஅக்கவுன்ட் என்ற இணையக் கணக்கு வழியாக நீங்களே அனுப்பலாம். அந்த மனிதரிடம் அவருடைய ஏழு இலக்கப் பதிவு எண்ணைக் கேளுங்கள். குடிவரவு உதவிக்குக் காசு வாங்குபவர் ஓமாரா என்ற முகவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்த முகவராகவோ சட்டத்தரணியாகவோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது குற்றம். முகவர்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, யாரும் தேடிப் பார்க்கலாம். நான் பார்த்த அளவில், கடை வாசலில் விலை பேசுகிற ஆட்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதும் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

851 கதை சுத்தப் பொய். உங்கள் மனம் அதில்தான் நிற்கிறது என்று தெரிகிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2023 பெப்ரவரியில் அரசு அறிவித்தது எல்லோருக்குமான ஏற்பாடு அல்ல. மூன்று வருட 785, ஐந்து வருட 790 என்ற தற்காலிகப் பாதுகாப்பு விசாக்களை வைத்திருந்தவர்களுக்கும், அந்த மாதம் 14ஆம் தேதிக்கு முன்பே விண்ணப்பித்து, பாதுகாப்புக்கு உரியவர் என்று முடிவாகிறவர்களுக்கும் மட்டுமே 851. ஏறத்தாழ 19,000 பேர் அதில் அடங்கினார்கள். உங்கள் நண்பன் அந்தக் கணக்கில் வந்துவிட்டான். நிராகரிக்கப்பட்டவர்களை அரசு வெளியே நிறுத்திவிட்டது. ஒரே படகில் வந்த இருவரில் ஒருவரை ஓர் அதிகாரி நம்பினார், மற்றவரை வேறோர் அதிகாரி நம்பவில்லை. அதன் விலையை இத்தனை வருடமாக நீங்கள் கொடுக்கிறீர்கள். இதில் நியாயம் எங்கே என்று 2024இல் மெல்பேர்ன் டொக்லண்ட்ஸில் உள்ள திணைக்கள அலுவலகத்துக்கு முன்னால் கூடாரம் அடித்து இருந்தவர்களும் கேட்டார்கள்.

ஒருமுறை நிராகரிக்கப்பட்டவர் மறுபடியும் பாதுகாப்பு விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால், அமைச்சரே அந்தத் தடையை நீக்க வேண்டும். அதை எந்த முகவரும் 'சேர்த்துப் போட' முடியாது. உங்களுக்கு இப்போது இருக்கிற வழி அந்த வழக்குத்தான். நீதிபதி உங்கள் கதை உண்மையா என்று பார்க்கமாட்டார், முடிவில் சட்டப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். நீங்கள் வென்றால் கோப்பு மறுபரிசீலனைக்குத் திரும்பும். ஐ.ஏ.ஏ. 2024 ஒக்டோபரில் மூடப்பட்டதால் அது புதிய நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். ஆகவே வழக்கு எண், முத்திரையிட்ட மனு, அடுத்த தவணைக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். விசா விண்ணப்பத்தோடு இணைக்கவும் அவைதான் தேவை.

இன்னொன்று, வேலை அனுமதியையும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள். கேட்காவிட்டால் 8101 என்ற நிபந்தனையோடு வரக்கூடும், அதாவது வேலை செய்யக்கூடாது. பிறகு அதை எடுக்க இன்னொரு விண்ணப்பம் போட வேண்டிவரும். சம்பளத் துண்டு, வாடகை ஒப்பந்தம், வங்கி அறிக்கை, ஊருக்குப் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு ஆகியவற்றை இணைத்து, வேலை இல்லாமல் வாழ முடியாது என்பதைக் காட்டுங்கள்.

கடலோரம் (பேர்த்):

அக்கா சொல்வது சரி. ஆனால் தம்பி தேதியை நினைத்து இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. முடிவதற்கு முன் விண்ணப்பம் போட்டுவிட்டால் பதில் வரும்வரை பழைய விசா ஓடும். எனக்கு அப்படித்தான் ஓடியது.

வன்னிக்காரி:

அண்ணா, நீங்கள் அப்போது வைத்திருந்தது 790 அல்லவா? நானும் அதுதான் வைத்திருந்தேன். ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்ததற்கு விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை பழையது உயிரோடு இருக்கும். அதே பயத்தை அதே அலுவலகத்தில் மறுபடி நிரூபிக்க வேண்டியிருந்தது என்பது தனிக் கதை. பிரிட்ஜிங் விசா ஈயில் அந்தச் சலுகை கிடையாது. விண்ணப்பம் போட்டதாலேயே அது நீளாது. தேதி முடிந்து புதியது வராவிட்டால், இடையிலுள்ள நாட்களில் தம்பி விசா இல்லாதவர். வேலை செய்ய முடியாது. முதலாளி விவோ என்ற விசா சரிபார்ப்புத் தளத்தில் தட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். சட்டப்படி தடுப்பிலும் வைக்கலாம்.

ஆகவே தம்பி, இந்த வாரமே தொடங்குங்கள். ஒருவேளை தேதி தாண்டிவிட்டாலும் ஒளிந்திருக்க வேண்டாம். விசா இல்லாமல் இருப்பவரும் 050க்கு விண்ணப்பிக்கலாம். மெல்பேர்னில் ரெஃபியூஜி லீகல், ஃபுட்ஸ்கிரேயில் ஏ.எஸ்.ஆர்.சி. ஆகியவை அகதிகளுக்கு இலவசமாக உதவுகிற இடங்கள். ஆங்கிலம் தடையென்றால் 131 450க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அவரையும் இணைப்பில் வைத்துக்கொண்டு அலுவலகத்தோடு பேசலாம். இன்னொரு எச்சரிக்கை: இந்த விசாவோடு நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. ஊரில் சாவு விழுந்தாலும் சட்டத்தரணியைக் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

மூதூரான்:

நன்றி அக்கா, நன்றி அண்ணா. அந்த ஆளிடம் பதிவு எண் கேட்டேன். "நான் உதவி செய்கிறவன், முகவர் இல்லை" என்றார். பிறகு விலை 600 ஆகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏ.எஸ்.ஆர்.சி.யில் நாள் கேட்டிருக்கிறேன். ஒரு சின்னச் சந்தேகம்: வருகிற சனிக்கிழமை நோபிள் பார்க்கில் வேறு அறைக்கு மாறுகிறேன். புதிய விலாசத்தை விசா விண்ணப்பத்தில் எழுதினால் போதுமா?

வன்னிக்காரி:

போதாது. உங்கள் விசாக் கடிதத்தில் 8506 என்ற நிபந்தனை இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மாறுவதற்கு இரண்டு வேலை நாட்களுக்கு முன்பே திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். மாறிய பிறகு சொன்னால் நிபந்தனையை மீறியதாகிவிடும். படகில் வந்தவர்கள் கையெழுத்திட்ட நடத்தை விதிக் கோவையும் சேர்ந்திருப்பதால், நம் விஷயத்தில் சின்னத் தவறையும் அவர்கள் பெரிதாக்கலாம். சனிக்கிழமை மாறுகிறீர்கள் என்றால் செவ்வாய்க்கிழமைக்குள் எழுத்தில் அறிவித்து, அனுப்பியதற்கான பிரதியை அந்தக் கோப்பில் வையுங்கள். வழக்கு நடக்கிற நீதிமன்றத்துக்கும் தனியாக அறிவிக்க வேண்டும். திணைக்களம் அவர்களுக்குச் சொல்லாது.